சிலம்பும் இரண்டு கதைகளும்: இலக்கியம் வாழ்வுக்கு ஏன் வேண்டும்?



புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "இந்தப் பழைய கதைகளையும் பாட்டுகளையும் படித்து எனக்கு என்ன பயன்?" கணிதம் படித்தால் தொழில் கிடைக்கும், விஞ்ஞானம் படித்தால் பல்கலைக்கழகம் போகலாம். இலக்கியம் படித்தால் என்ன கிடைக்கும்?

இதற்குப் பெரியவர்களாகிய நாம் வழக்கமாக இரண்டு விடைகள் சொல்கிறோம். "அது எங்கள் அடையாளம்" என்பது ஒன்று. "அது மிகப் பழமையானது" என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் பிள்ளை கேட்ட கேள்விக்கு இவை விடையாகா. பழையது என்பதால் மட்டும் ஒரு பொருள் பயனுள்ளதாகி விடாது. வீட்டுப் பரணில் கிடக்கும் உடைந்த பெட்டியும் பழையதுதான். பயன் என்ன என்று கேட்ட பிள்ளைக்குப் பயனைத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தில், நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு அந்த விடையைத் தேடிப் பார்ப்போம்.

1. சொல்லும் நூலும் காட்டும் நூலும்

நூல்கள் பலவகை. மருத்துவ நூல் நோயையும் மருந்தையும் சொல்கிறது. சட்ட நூல் குற்றத்தையும் தண்டனையையும் சொல்கிறது. இவை நமக்குச் செய்தியைத் தருகின்றன. செய்தியை அறிந்துகொண்டதும் நூலை மூடி வைத்து விடலாம்.

இலக்கியம் செய்வது வேறு. அது ஒரு மனிதனின் வாழ்வை நம் கண்முன் நடத்திக் காட்டுகிறது. "அவன் துன்பப்பட்டான்" என்று சொன்னால் அது செய்தி. அந்தத் துன்பம் நம் நெஞ்சிலும் தைக்குமாறு சொன்னால் அது இலக்கியம். முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் நாம் மீண்டும் படிக்கிறோம், மீண்டும் கலங்குகிறோம். இராமன் காட்டுக்குப் போவான் என்று தெரியாதவர் நம்மில் யார்? ஆனாலும் கைகேயி வரம் கேட்கும் இடம் வரும்போது மனம் கனக்கிறது.

எமது முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. சிரிப்பு, அழுகை, இளிவரல், வியப்பு, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்வுகளை அது வகுத்துக் காட்டுகிறது. மெய்ப்பாடு என்ற பெயரைக் கவனியுங்கள். உள்ளத்தில் எழும் உணர்வு மெய்யில், அதாவது உடம்பில், தோன்றுவதே மெய்ப்பாடு. பாட்டைக் கேட்டவரின் மயிர் சிலிர்க்கிறது, கண் கலங்குகிறது, தொண்டை அடைக்கிறது. இப்படி உடம்பு வரை வந்து சேரும் உணர்வையும் செய்யுளுக்குரிய பொருளாகக் கொண்டு இலக்கணம் வகுத்தார்கள்.

சரி, பிறர் துன்பத்துக்காக நாம் கலங்குவதால் யாருக்கு என்ன பயன்? இதற்கு விடை காணச் சிலப்பதிகாரத்துக்குப் போவோம்.

2. ஊர் விட்டு ஊர் வந்த இருவர்

சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்ற மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்டது. சேரர் குடியில் பிறந்து துறவு பூண்ட இளங்கோவடிகள் இயற்றியதாக மரபு சொல்கிறது. அதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதையை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் ஊர் விட்டு வந்தவர்களாகிய நாம் அதை ஒரு முறை நம் கண்களால் பார்ப்பது நல்லது.

கோவலனும் கண்ணகியும் புகாரில் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகள். மாதவியிடம் சென்று பொருளை எல்லாம் இழந்து திரும்பிய கோவலன், மனைவியின் காற்சிலம்பை முதலாக வைத்து வேறோர் ஊரில் புது வாழ்வு தொடங்க நினைக்கிறான். விடியுமுன் இருவரும் ஒருவருக்கும் சொல்லாமல் ஊரை விட்டுப் புறப்படுகிறார்கள். வழியில் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி துணையாகிறார். நீண்ட தூரம் நடந்து மதுரைப் புறஞ்சேரியை அடைகிறார்கள். மாதரி என்ற ஆயர்குல மூதாட்டி அவர்களைத் தன் பொறுப்பில் ஏற்று இடம் தருகிறாள்.

அந்த எளிய வீட்டில் கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். மாளிகையில் வளர்ந்த பெண், மாதரி கொடுத்த அரிசியையும் காய்களையும் கொண்டு சமைத்து, தரையில் நீர் தெளித்து வாழையிலை விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். உண்டு முடித்த கோவலன், அவளை இந்த நிலைக்குக் கொண்டு வந்ததை எண்ணி வருந்துகிறான். அவளும் தன் மனத்தில் இருந்ததைச் சொல்கிறாள். அவன் பிரிந்திருந்த காலத்தில் தனக்கு விருந்தினரை வரவேற்கும் பேறுகூட இல்லாமற் போனதைச் சொல்கிறாள். அதன்பின் அவன் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு விற்கப் போகிறான். கோவலன் உயிரோடிருந்தபோது அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

கடைவீதியில் அரண்மனைப் பொற்கொல்லனைக் கோவலன் சந்திக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்தவன் அந்தப் பொற்கொல்லனே. தன் களவை மறைக்க ஓர் ஆள் அகப்பட்டு விட்டான் என்று அவன் மகிழ்கிறான். கோவலனை ஏன் இவ்வளவு எளிதாகக் கள்வனாக்க முடிந்தது? அந்த ஊரில் அவனைத் தெரிந்தவர் இல்லை. "இவனை எனக்குத் தெரியும், இவன் திருடமாட்டான்" என்று சொல்ல ஒருவர்கூட அருகில் இல்லை. புதிய ஊருக்கு வந்தவனின் நிலை அது. அதை உணர எமக்கு உரை தேவையில்லை.

அரசன் பாண்டியனும் கொடியவன் அல்லன். கூத்துப் பார்த்துக்கொண்டிருந்த அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த விரைந்து போகும் வழியில் பொற்கொல்லன் வந்து முறையிடுகிறான். அரசன் நின்று விசாரிக்கவில்லை. ஆராயாமல் ஆணையிட்டு விட்டுப் போய்விடுகிறான். காவலர் கோவலனைப் பார்த்ததும், இவன் கள்வனைப் போலத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூலில் வல்லவனைப் போலக் கள்வரின் தந்திரங்களை எல்லாம் விரித்துப் பேசுகிறான். அந்தப் பேச்சில் தயக்கம் கரைகிறது. அறிவற்ற ஒருவன் வாளை வீசுகிறான்.

நின்று கேட்காத ஓர் அரசன், திறமையாகப் பேசிய ஒரு பொய்யன், தயங்கியும் தடுக்காத சிலர், யோசியாமல் வெட்டிய ஒருவன். ஓர் அநீதி எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்ட நூலும் காட்டாது. இலக்கியத்தின் முதற்பயன் இதுவே. தீமை எப்போதும் தீயவர் உருவில்தான் வரும் என்று நினைத்திருக்கும் நமக்கு, அவசரத்தின் உருவிலும் தயக்கத்தின் உருவிலும் அது வரும் என்று காட்டுகிறது.

3. கண்ணகி கையில் இருந்தவை

இப்போது வழக்குரை காதை. கண்ணகி அரண்மனை வாயிலில் நிற்கிறாள். காவலாளி அவள் கோலத்தைக் கண்டு அஞ்சி அரசனிடம் ஓடிச் சொல்கிறான். அரசன் அவளை உள்ளே அழைத்து, யார் என்று கேட்கிறான்.

அவள் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. இது எல்லோருக்கும் தெரியும். அவளிடம் இன்னும் இரண்டு பொருட்கள் இருந்தன. அவற்றை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவை இரண்டு கதைகள்.

நீ யார் என்று கேட்ட அரசனுக்கு அவள் முதலில் தன் கணவன் பெயரைச் சொல்லவில்லை. தன் ஊரைச் சொல்கிறாள். ஊரைச் சொல்லும்போது அதன் செல்வத்தையோ துறைமுகத்தையோ சொல்லாமல், அவ்வூரை ஆண்ட சோழர் குடியின் இரண்டு அரசர்களைச் சொல்கிறாள். ஒருவன் தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறாவைக் காக்கத் தன் தசையையே அரிந்து கொடுத்த சிபி. மற்றவன், தன் மகனின் தேர்க்காலில் ஒரு கன்று மாண்டதும், தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்ததைக் கேட்டு, பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். அப்படிப்பட்ட அரசர்களின் ஊர் என் ஊர் என்று சொல்லிவிட்டுத்தான் கணவனைப் பற்றிப் பேசுகிறாள்.

கண்ணகிக்கு அங்கே படை இல்லை, பணம் இல்லை, உறவு இல்லை, சாட்சி இல்லை. அரசனோ, கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது, அது அரசனின் கடமை என்கிறான். சட்டப்படி அவன் சொன்னது சரியே. அந்த அவையில் அரசனுக்கு மேலே வேறு அதிகாரி இல்லை. அப்படியானால் அரசனை அளப்பதற்கு எந்த அளவுகோல் உண்டு? அந்த இரண்டு கதைகளே அளவுகோல். ஒரு பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனைக் கொடுத்த அரசன் ஒருவன் இருந்தான் என்ற கதையை அரசனும் அறிவான், அவளும் அறிவாள். அந்தக் கதைக்கு முன் இருவரும் சமம்.

அதன்பின் நடந்தது விரைவாக முடிகிறது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கம். பாண்டியன் மறுத்துப் பேசவில்லை. கள்வன் தானே என்று தன்னைத் தானே தீர்ப்பிட்டு, அரியணையிலேயே உயிர் விடுகிறான். சிலம்பு உண்மையை நிறுவியது. ஆனால் அந்த உண்மையின் முன் ஓர் அரசன் தலை குனிய வேண்டும் என்பதை அவன் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கதைகளே அவனுக்குக் கற்பித்திருக்க வேண்டும். சான்று மட்டும் போதும் என்றால் உலகில் அநீதியே இருந்திராது. சான்றைக் கண்டு வெட்கப்படும் மனமும் வேண்டும். அந்த மனத்தை உருவாக்குவது இலக்கியம்.

பிள்ளையின் கேள்விக்கு இதுவே நாம் சொல்லக்கூடிய விடை. வலிமை இல்லாதவன் வலிமை உள்ளவன் முன் எடுத்து வைக்கக்கூடிய பொது அளவுகோலை இலக்கியம் தருகிறது. வலிமை உள்ளவன் தன்னைத் தானே அளந்துகொள்ளவும் அதே கோலைத் தருகிறது.

4. ஒரு பசு பல நூல்களில்

பசுவுக்கு நீதி வழங்கிய அரசனின் கதை சிலப்பதிகாரத்தோடு நிற்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடியபோது, திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் இடத்தில் மனுநீதிச் சோழன் வரலாற்றை விரிவாகப் பாடினார். திருவாரூரில் கல்லால் அமைந்த தேர் ஒன்று இன்றும் அக்கதையை நினைவூட்டி நிற்கிறது.

கடலுக்கு அப்பாலும் இக்கதை உண்டு. இலங்கையின் வரலாற்றைப் பாளி மொழியில் கூறும் மகாவம்சம், பௌத்த பிக்குகளால் எழுதப்பட்ட நூல். அது துட்டகைமுனுவைப் போற்றும் நூல். அந்த நூலே, அவன் வென்ற சோழநாட்டுத் தமிழ் மன்னன் எல்லாளனின் நீதியைப் புகழ்கிறது. எல்லாளன் படுக்கையருகே ஆராய்ச்சி மணி தொங்கியதாகவும், தேரோட்டிச் சென்ற மகனால் கன்று ஒன்று மாண்டபோது பசுவுக்காக அவன் தன் மகனைத் தண்டித்ததாகவும் சொல்கிறது. பகைவன் பக்கத்தவர் எழுதிய நூலிலும் இடம்பெறும் அளவுக்கு அந்த அளவுகோல் பொதுவாக இருந்தது.

கண்ணகியின் கதையும் அவ்வாறே எல்லை கடந்தது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவைச் சொல்லும் இடத்தில் இலங்கை வேந்தன் கயவாகுவின் பெயரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. இன்று மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதத்தில் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது, கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. முடிவில் அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குப் பெருங்கூட்டம் சேர்கிறது. சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வம் என்று வழிபடுகிறார்கள். கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களுள் பத்தினி தேவாலயமும் ஒன்று.

2009இல் முடிந்த நீண்ட போரில் எதிரெதிராக நின்ற இரண்டு மக்கள் கூட்டங்கள், அநீதியாகக் கணவனை இழந்த ஒரே பெண்ணின் கண்ணீரைத் தெய்வமாக்கி வணங்குகிறார்கள். அந்தக் கதை போரைத் தடுக்கவில்லை. அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது, அதை எடுத்து அளக்கவும் வேண்டும். எடுத்து அளக்க விரும்புவோருக்கு அது இன்றும் இருக்கிறது.

5. "தகாத நூல்" என்ற அச்சம்

எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்ற கேள்வி பெற்றோருக்கு எப்போதும் உண்டு. இதற்கும் எமது மரபில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது.

அநபாய சோழன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தான் என்றும், அமைச்சராக இருந்த சேக்கிழார் அதைக் கண்டு வருந்திச் சிவனடியார் வரலாற்றை எடுத்துரைத்தார் என்றும், அதுவே பெரியபுராணம் தோன்றக் காரணம் என்றும் சேக்கிழார் புராணம் சொல்கிறது. சிந்தாமணி சமண முனிவர் திருத்தக்க தேவர் இயற்றிய காப்பியம். சேக்கிழாருக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர் அந்த நூலைத் தடைசெய்யச் சொன்னதாகவோ, ஏட்டை எரிக்கச் சொன்னதாகவோ கதை இல்லை. அவர் தில்லைக்குப் போய், அதைவிட நெஞ்சைத் தொடும் நூல் ஒன்றை எழுதினார். தகாத நூல் என்று கருதியதற்கு அவர் கண்ட மருந்து நல்ல நூல்.

இதன் மறுபக்கமும் அறியத் தக்கது. சிந்தாமணி அழிந்து போகவில்லை. சமணர் அல்லாத நச்சினார்க்கினியர் அதற்கு விரிவான உரை எழுதினார். 1887இல் அதை அச்சிட்டவர், திருவாவடுதுறைச் சைவ மடத்தின் நிழலில் தமிழ் கற்ற உ.வே. சாமிநாதையர். நூலில் வரும் சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். தன் சமயத்தில் உறுதியாக இருந்துகொண்டே பிறர் நூலை மதித்துப் படிக்கலாம் என்பதை இவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். பல சமயத்தவரோடும் பல இனத்தவரோடும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இது பயன்படும் பாடம். அவர்கள் இந்நாட்டுப் பள்ளியில் கற்கும் இலக்கியத்தையும் நாம் அந்நியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பண்டைய கிரேக்க நாடகம் ஒன்றில் ஆன்டிகனி என்ற பெண், தன் தமையனை அடக்கம் செய்யும் உரிமைக்காக அரசன் முன் நிற்கிறாள். அதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கண்ணகியையும் தெரிந்திருந்தால், இருவரையும் ஒப்பிட்டுப் பேசும் வாய்ப்பு வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்.

6. மறந்தால் மறையும்

"என்ன பயன்?" என்ற கேள்வி புதிதல்ல. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான இளம் சாமிநாதையரிடம், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனப் பெரிய பட்டியலே சொன்னார். முதலியாருக்கு அதில் நிறைவு ஏற்படவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற மாணவர்கூட அவற்றைப் படித்திருக்கவில்லை. அந்தக் கேள்வி ஐயரின் வாழ்க்கையை மாற்றியது. 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பில் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் அதே காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிப் பெரும்பணி செய்தார்.

அவர்கள் தேடிப் போன இடங்களில் எல்லாம் ஏடுகள் கிடைத்துவிடவில்லை. செல்லரித்தவை பல. ஆற்றில் விடப்பட்டவை பல. தென்பாண்டி நாட்டு ஊர் ஒன்றில், கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக ஐயரிடம் சொன்னார்கள். பகையால் அழிந்தவையும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. ஓமத்தில் இட்டவர்கள் பக்தியோடு இட்டார்கள். நூலகத்துக்குத் தீ வைத்தவர்கள் வெறுப்போடு வைத்தார்கள். ஏட்டுக்கு இரண்டும் ஒன்றே. இன்று எமது வீடுகளில் தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. அலமாரியில் நூல் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் படிப்பவர் இல்லையென்றால் அந்த நூலுக்கும் ஏறத்தாழ அதே கதிதான்.

7. வீட்டில் என்ன செய்யலாம்?

புதிய முறை எதையும் நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோயில்களில் நடக்கும் புராணபடனமே நல்ல முறை. யாழ்ப்பாணத்தில் கந்தபுராணமும், திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணமும் இவ்வாறு படிக்கப்பட்டன. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் அங்கே அமர்ந்து கேட்டுக் காப்பியத்தை முழுமையாக அறிந்துகொண்டார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அந்த வாழ்வு முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் வைத்தார்.

இம்முறையை வீட்டுக்கு ஏற்றபடி இவ்வாறு செய்து பார்க்கலாம்.

அ) வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் போதும். தொலைக்காட்சியையும் கைபேசிகளையும் நிறுத்தி வையுங்கள்.

ஆ) தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் சில வரிகளை உரக்க வாசிக்கட்டும். ஓசை காதில் விழுவது முக்கியம். பொருளைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் இந்நாட்டு மொழியிலும் சொல்லுங்கள். அதில் தவறு இல்லை. பயன் சொல்லுபவரின் வேலையே கேட்பவருக்கு விளங்க வைப்பதுதான்.

இ) மொழி அறிவு குறைந்த இளைஞருக்கு மொழிபெயர்ப்பு ஒரு வாசல். சிலப்பதிகாரத்துக்கு ஆர். பார்த்தசாரதி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1993இல் வெளிவந்தது. வாசலில் நுழைந்தவர் பிறகு உள்ளே வருவார்.

ஈ) வாசித்து முடித்ததும், "இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?" என்று உடனே கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி பிள்ளையைப் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுபோய் விடும். "அந்தக் காவலாளியின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். விடை எதுவானாலும் பொறுமையாகக் கேளுங்கள்.

உ) பெரியவர்களின் சொந்தக் கதைகளுக்கும் இடம் கொடுங்கள். ஊரை விட்டுப் புறப்பட்ட நாள், வழியில் துணையாக வந்தவர்கள், முதன்முதலில் இடம் கொடுத்தவர்கள் ஆகியோரைப் பற்றித் தாத்தாவும் பாட்டியும் சொல்லட்டும். கவுந்தியடிகளையும் மாதரியையும் போன்றவர்கள் ஒவ்வொரு குடும்பத்தின் கதையிலும் இருப்பார்கள்.

எமது பிள்ளைகள் நாளை இந்நாட்டில் வைத்தியராகவோ, வழக்கறிஞராகவோ, அலுவலகத்தில் மேலாளராகவோ இருப்பார்கள். ஒரு நாள் அவர்கள் முன்னும் ஊர் விட்டு வந்த ஒருவர், தன்னைத் தெரிந்தவர் ஒருவருமின்றி, கையில் ஒரு கடதாசியோடு வந்து நிற்பார். அன்றைக்கு அவர்கள் அவசரமாகப் போய்க்கொண்டிருக்கக்கூடும். நின்று கேட்பார்களா, அல்லது கையெழுத்திட்டுவிட்டுப் போவார்களா என்பதை அவர்கள் பெற்ற பட்டம் மட்டும் முடிவு செய்யாது. பாண்டியன் கதையை மனத்தில் வாங்கியவர்கள் ஒரு கணம் நிற்பார்கள் என்று நாம் நம்பலாம். அந்த ஒரு கணமே இலக்கியத்தின் பயன்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

(பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பேசுவதற்கு)

1. கோவலனின் மரணத்துக்குப் பொற்கொல்லன், அரசன், காவலர், வாள் வீசியவன் ஆகியோருள் யாருக்கு எவ்வளவு பொறுப்பு?

2. கண்ணகி மதுரையை எரித்தபோது முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு தீக்கடவுளிடம் சொன்னாள். அப்படியிருந்தும் அவள் செய்தது நீதியா?

3. தன் தவறை உணர்ந்த பாண்டியன் உயிர் விட்டான். உயிரோடு இருந்து அவன் வேறு என்ன செய்திருக்கலாம்?

4. எல்லாளனின் நீதியை அவனுடைய எதிரியைப் போற்றும் நூலே ஏன் புகழ்ந்தது? எமக்குப் பிடிக்காத ஒருவரிடம் உள்ள நல்லதை நாம் அவ்வாறு சொல்வோமா?

5. உங்கள் குடும்பக் கதையில் மாதரியைப் போல இடம் கொடுத்தவர் யார்? அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தமிழ் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.